அப்ஜெக்ஷன் அக்காவும் அவருடைய பிரதிவாதியும்

கோர்ட்டுக்குப் போகிறவர்களின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல் டாக்டர் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்கூட அவர்களைவிடத் தெளிவாக இருப்பார்கள். இந்தத் தேசத்தில் சட்டம் எழுதிய நாளிலிருந்து இன்றுவரை, மஞ்சள் பூசிக் குளித்து, தலை நிறையக் கதம்பம் வைத்து, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாகக் கோர்ட்டுக்கு வந்த ஒரே வாதி எங்கள் அப்ஜெக்ஷன் அக்காதான். இதை நான் எந்தச் சாட்சிக் கூண்டில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்வேன்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் இருக்கும். நான் காரைக்காலில் புத்தம்புது வக்கீல். தலத்தெருவில் வீடு, ஓட்டுவதற்கு ஒரு பழைய ஸ்கூட்டி, போட்டுக்கொள்ள ஒரு கறுப்பு கோட்டு எல்லாம் இருந்தன. வழக்குதான் இல்லை. காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், மற்றவர்களின் வழக்கையெல்லாம் கேட்டுவிட்டு, சாயந்திரம் வந்து அதே கோட்டைக் கழற்றி மாட்டுவேன். என்னைப் போலவே நாள் முழுக்க உட்கார்ந்து ஊரார் வழக்கையெல்லாம் கேட்கும் இன்னொரு ஆள் அந்தக் கோர்ட்டு அறையில் உண்டு. கருக்களாச்சேரியிலிருந்து வரும் மீன்காரம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் போட்டிருந்த வழக்கின் பிராதில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரோ என்று திரும்பிப் பார்ப்பார்.

ஒரு நாள் அவருடைய வழக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் வேறொரு வழக்கில் ஒரு பெரியவர் கூண்டில் நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்குக் குடிப்பழக்கமே கெடையாதுங்க" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"அப்ஜெக்ஷன்."

நீதிபதி நிமிர்ந்தார். "யாரும்மா நீங்க?"

"வாதிங்க ஐயா."

"இந்தக் கேஸ்லயா?"

"இல்லீங்க. எங்கேசு இன்னும் கூப்புடல. ஆனா இவரு நேத்து சாயந்திரம் மீன் வாங்க வந்தப்ப, கையில புடிச்சிருந்தது சங்கராவா செருப்பான்னு அவருக்கே தெரியலீங்க. அதான் சொன்னேன்."

ஒரு வழக்கில் வாதி, பிரதிவாதி, அவர்களுடைய வக்கீல்கள் தவிர வேறு யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று நீதிபதி பொறுமையாக விளக்கினார். அக்கா முழுவதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "சரிங்க ஐயா. சொன்னத அழிச்சிருங்க. நடந்தத அழிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று மதியத்துக்குள் டைப்பிஸ்டிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் அப்ஜெக்ஷன் அக்கா ஆகிவிட்டார்.

அக்காவின் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். சுனாமி அலை வந்து போன பிறகு கருக்களாச்சேரியில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில், அக்காவுக்கு ஒரு வீடு, பக்கத்திலேயே அவருடைய ஓரகத்திக்கு ஒரு வீடு. ஓரகத்தி என்றால், அக்காவின் கொழுந்தன் மனைவி. அலை வந்த அன்று அந்தக் கொழுந்தன் கரையில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதைப் பற்றி ஊரில் யாரும் அதற்கு மேல் பேசுவதில்லை. அந்த அம்மாள் தனியாக இருந்தார், துணைக்குக் கொஞ்சம் கோழிகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அக்கா அந்தச் சந்தில் வலையை விரித்து நெத்திலி காயவைப்பார். கோழிகள் வந்து அதைத் தின்னும். அவ்வளவுதான் வழக்கு.

கோழிகள் கருவாட்டைத் தின்னக் கூடாது என்று நிரந்தரத் தடை உத்தரவு வேண்டும் என்று அக்கா பிராது போட்டார். கோழிக்குத் தடை போட முடியாது. சம்மன் கொண்டுபோனால் வாங்கிக் கையெழுத்துப் போட அதற்குத் தெரியாது. ஆகவே கோழிக்குச் சொந்தக்காரர் மேல் வழக்கு. வழக்குப் போட்டவர் வாதி, யார் மேல் போட்டாரோ அவர் பிரதிவாதி. வாதி பிராது போடுவார், கோர்ட்டு சம்மன் அனுப்பும், பிரதிவாதி பதில் போடுவார், பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாய்தா. ஓட்டல் சாம்பாரில் தண்ணீர் போல, இருப்பதிலேயே அதிகமாக இருப்பது அதுதான். மற்றவர்கள் வாய்தா என்றால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அக்கா மட்டும் "அடுத்த வாய்தா என்னிக்குங்க?" என்று தீபாவளிக்குத் தேதி கேட்பதுபோல் கேட்பார்.

அதிசயம் என்னவென்றால், வாதியும் பிரதிவாதியும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். "எதிரி கட்சியோட ஏம்மா வர்ற?" என்று அக்காவின் வக்கீல் கேட்டார். "ஒரே எடத்துக்குத்தானங்க போறோம். ரெண்டு ஆட்டோ எதுக்கு?" என்றார் அக்கா. மதியம் வேப்பமரத்தடியில் ஒரே தூக்குச் சட்டியிலிருந்து இரண்டு பேரும் சோறு சாப்பிடுவார்கள். அக்கா பேசிக்கொண்டே இருப்பார். பிரதிவாதி பேச மாட்டார். ஒல்லியாக, முகத்தில் எதையும் காட்டாமல், தலையைக் குனிந்து சாப்பிடுவார். நடுவில் முள் எடுத்த மீனாக ஒரு துண்டை அக்கா அந்தப் பக்கம் தள்ளுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கையைக் கழுவிக்கொண்டு இருவரும் உள்ளே போய் ஆளுக்கொரு பக்கம் விறைப்பாக நின்றுகொள்வார்கள்.

இரண்டு வக்கீல்களும் தத்தம் கட்சிக்காரரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தார்கள். சிவில் வழக்கில் சாட்சி சொல்லும் நாள் தவிர மற்ற நாட்களில் நீங்கள் வரவே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று. "வாதி இல்லாம என்ன கேசு? மாப்புள்ள இல்லாம தாலி கட்ட முடியுமா?" என்று அக்கா அடித்துச் சொல்லிவிட்டார்.

கோர்ட்டில் ஒரு நாள் உட்கார்ந்தால் நாலு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார். மறுநாள் அந்த வார்த்தைகள் மீன் மார்க்கெட்டுக்கு வந்துவிடும். என் அம்மா அவரிடம்தான் மீன் வாங்குவார். கொடுவாவைத் தூக்கிப் பார்த்து, "ஏதாச்சும் தள்ளுபடி உண்டா?" என்று கேட்டார் அம்மா. "மனு தள்ளுபடி" என்றார் அக்கா. அம்மாவுக்குப் புரியவில்லை. "இல்லேங்குறதத்தான் அங்க அப்புடிச் சொல்லுவாங்கம்மா. நான் தள்ளிட்டேன். நீங்க வேணும்னா அடுத்த கடையில அப்பீல் பண்ணிக்கங்க." அடுத்த கடைக்காரியைப் பார்த்து, "ஏ, கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்ப நீ மாத்திப்புடாத" என்றும் ஒரு குரல் கொடுத்தார். அம்மா அக்கா சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தார். "என்னடி உங்க கோர்ட்டு, மார்க்கெட்டு வரைக்கும் வந்துருச்சு" என்று வீட்டுக்கு வந்து என்னைத்தான் கடிந்துகொண்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். வாயில்லாத மனிதர். ஒரு நாள் கோர்ட்டு வாசலுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, எக்ஸ்பார்ட்டின்னா என்னங்க?"

கோர்ட்டு கூப்பிட்டும் பிரதிவாதி வராவிட்டால், அவர் இல்லாமலேயே வழக்கை நடத்தித் தீர்ப்புச் சொல்லிவிடுவதைத்தான் அப்படிச் சொல்வோம் என்றேன்.

"சரியாப் போச்சு. நேத்து நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எம்பேர மூணு தடவ கூப்ட்டாளாம். நான் ஆஜராவலையாம். எனக்கு வச்சிருந்த வறுத்த மீன எக்ஸ்பார்ட்டின்னு சொல்லிப் புள்ளைங்களுக்குப் போட்டுட்டா." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதுக்கு அப்பீல் உண்டுங்களா?"

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி, வராததற்குத் தகுந்த காரணம் காட்டி அதே கோர்ட்டில் மனுப் போடலாம் என்று சொன்னேன். "அதே கோர்ட்டுலயா" என்று அவர் முகம் வாடிவிட்டது. மனுப் போடவில்லை என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. கேவியட் என்பது முன்னெச்சரிக்கை மனு. என் எதிரி வந்து ஏதாவது உத்தரவு கேட்டால், என்னையும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள் என்று முன்கூட்டியே கோர்ட்டிடம் சொல்லிவைப்பது. அக்கா இதை எந்த வக்கீல் வாயிலிருந்து பிடித்தாரோ தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை அவரை மாரியம்மன் கோயிலில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே வேண்டிக்கொண்டிருந்தார். "ஆத்தா, பிரதிவாதி வீட்டுல இருந்துகிட்டே உங்கிட்ட எதுனா கேப்பா. கண்டதையும் கேப்பா. என்ன ஒரு வார்த்த கேக்காம நீ பாட்டுக்குக் குடுத்துறாத." பூசாரி கற்பூரத் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

வழக்கில் எனக்கும் ஒரு வேஷம் கிடைத்தது. அந்தச் சந்து எவ்வளவு அகலம், கோழி எங்கே இருக்கிறது, கருவாடு எங்கே காய்கிறது என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டும். நீதிபதி தன் சார்பில் ஒரு வக்கீலை அனுப்புவார். அவருக்கு கமிஷனர் என்று பெயர். பெரும்பாலும் வேலையில்லாத இளம் வக்கீலாகப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்த அறையில் என்னைவிட வேலையில்லாதவர் யாரும் இல்லாததால் நீதிபதியின் கண் என் மேல் விழுந்தது.

கமிஷனர் வருகிறார் என்ற செய்தியை அக்கா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். என்ன கமிஷனர் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் ஸ்கூட்டியில் போய் இறங்கும்போது கருக்களாச்சேரி முனையில் வெள்ளை வேட்டியும் துண்டுமாக நாலு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் மாலை இருந்தது. பின்னால் ஒரு பையன் சோடா பாட்டில்களோடு நின்றான்.

"வண்டியத் தள்ளி நிறுத்தும்மா. கமிஷனர் ஜீப்பு வர்ற நேரம்" என்றார் மாலைக்காரர்.

"நான்தாங்க கமிஷனர்."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்கூட்டியைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ரோடு வளையும் இடம்வரை பார்த்தார். "சிவப்புத் தொப்பியெல்லாம் பின்னாடி வர்றாங்களா?"

"போலீஸ் யாரும் வரலைங்க. நான் மட்டும்தான். டேப்பு வச்சு அளந்துட்டுப் போயிடுவேன்."

அவர் திரும்பி, "தம்பி, அந்தச் சோடாவ ஒடைக்காத" என்றார்.

சந்தில் டேப்பின் ஒரு நுனியை அக்கா பிடித்தார், மறு நுனியைப் பிரதிவாதி பிடித்தார். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் சந்து வாதி கணக்கில் ஓர் அகலமும் பிரதிவாதி கணக்கில் ஓர் அகலமும் காட்டியது. இருவரையும் விடச் சொல்லிவிட்டு நானே குனிந்து அளந்தேன். அக்கா டீ கொண்டுவந்தார். கமிஷனர் ஒரு தரப்பிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று மறுத்தேன். அக்கா யோசித்தார். "அப்ப ரெண்டு தரப்புலயும் குடிங்க. கணக்கு நேராயிடும்." பிரதிவாதி உள்ளே போய் அவரும் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். நீதியின் தராசு சமமாக நிற்பதற்காக இரண்டையும் குடித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு செவலைச் சேவல் எங்கிருந்தோ வந்து, வலையில் கிடந்த நெத்திலியில் ஒன்றைக் கொத்தித் தூக்கியது.

"பாத்துக்கங்க பாப்பா. இதான் ஏ-ஒன்" என்றார் அக்கா.

"இது சிவில் கேஸ்க்கா. இதுல குற்றவாளின்னு யாரும் கெடையாது."

"அது சிவிலுன்னு அதுக்குத் தெரியுமா? கொத்துறதப் பாருங்க."

பிரதிவாதி அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "என் சேவலுக்குக் கருவாடே புடிக்காதுங்க."

"இந்தா வாயில இருக்கேடி."

"வச்சிருக்கு. முழுங்கலயே."

சுற்றி நின்ற ஊரே சிரித்தது. பிரதிவாதியின் உதட்டிலும் ஏதோ ஒன்று வந்து போனதுபோல் எனக்குத் தோன்றியது. அக்கா சேவலை விட்டுவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'செவலைச் சேவல் ஒன்று நெத்திலி ஒன்றை அலகில் வைத்திருந்தது. விழுங்கியதா என்பதை நான் காணவில்லை' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். என் வக்கீல் வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே இவ்வளவு நேர்மையான வாக்கியம் வேறில்லை.

சாட்சி விசாரணை நாள் வந்தது. அக்கா புதுப்புடவையில் கூண்டில் ஏறினார். உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள். "மீன் வெலையத் தவுத்து எல்லாத்துலயும் உண்மைதாங்க" என்றார். முதல் விசாரணையை அக்காவின் வக்கீல் நடத்தினார். அது முடிந்ததும் குறுக்கு விசாரணைக்குப் பிரதிவாதியின் வக்கீல் எழுந்தார். எதிர்த் தரப்புச் சாட்சியைக் கேள்வியால் மடக்குவதுதான் குறுக்கு விசாரணை. அவர் மடக்குவதில் பேர்போனவர்.

"உங்க வீட்ல கோழி இருக்கா?"

"ரெண்டு இருக்குங்க."

"உங்க கோழி உங்க கருவாட்டத் திங்காதா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "திங்குங்க. அது எங்க குடும்ப வெவகாரம்."

நீதிபதி வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. குறுக்கு விசாரணையின் முடிவில் வழக்கமாகச் சொல்வதைக் கொஞ்சம் காரமாகவே சொன்னார். "நீங்க ஒரு பொறாமைக்காரி. புருஷன இழந்து தனியா இருக்கற பொம்பளையத் துன்புறுத்தணும்னே பொய்க்கேசு போட்டு அலைய விடறீங்கன்னு சொல்றேன்."

இதற்கு 'சரியல்ல' என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அக்காவின் வாய் திறக்கவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்ஜெக்ஷன்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். குரல் வந்தது கீழே பெஞ்சிலிருந்து. பிரதிவாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"எங்கக்காவ அப்புடிச் சொல்லாதீங்க" என்றார் தன் வக்கீலிடம்.

"அம்மா, உக்காருங்க. நான் உங்க வக்கீல்."

"இருந்துக்கங்க. அதுக்காக எங்கக்காவப் பேசிருவீங்களா?"

வக்கீலுக்குச் சட்டப் புத்தகத்தில் இதற்கு எந்தப் பிரிவு என்று தெரியவில்லை. கையில் இருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி இருவரையும் முன்னால் வரச் சொன்னார். "கேச சமாதானமா முடிச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாங்க ஐயா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அதுவரை மொத்த வழக்கிலும் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

நீதிபதிக்குப் பொறுமை கொஞ்சம் குறைந்தது. "ஒரே ஆட்டோல வர்றீங்க. ஒரே சட்டியில சாப்பிடறீங்க. வர வேண்டாம்னு சொன்னாலும் வர்றீங்க. வேலையத்த கேஸ் போட்டு கோர்ட் நேரத்த வீணாக்கினா நான் வழக்கையே தள்ளிடுவேன். உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

வழக்கைத் தள்ளிவிடுவேன் என்றதும் அக்கா பயந்துவிட்டார். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார். மார்க்கெட் குரல் இல்லை.

"ஐயா, எங்கொழுந்தன் போனதுக்கு அப்பறம் இவ வாசப்படி தாண்டலீங்க. யாவாரத்துக்கு வாடின்னேன், வல்ல. கோயிலுக்குக் கூப்ட்டேன், வல்ல. மாங்கனித் திருவிழாவுக்குப் புள்ளைங்கள வுட்டுக் கூப்ட்டுப் பாத்தேன், கதவச் சாத்திக்கிட்டா. அந்தக் கோழிங்களோட மட்டும்தான் பேசுவா. அப்பத்தான் மார்க்கெட்டுல ஒருத்தரு சொன்னாரு, கோர்ட்டு கூப்ட்டா யாரா இருந்தாலும் வந்துதான் ஆவணும், வல்லன்னா எக்ஸ்பார்ட்டி பண்ணிருவாங்கன்னு." அக்கா நிறுத்தி, மூக்கை உறிஞ்சினார். "நான் கூப்ட்டா வல்லீங்க. அதான் கோர்ட்ட வுட்டுக் கூப்ட்டேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிரதிவாதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குத் தெரியும்."

"என்னடி தெரியும்?"

"மொத நாளே எங்க வக்கீலய்யா சொல்லிட்டாரு. நீ வர வேணாம், நான் பாத்துக்குறேன்னு."

"பின்ன ஏன்டி வந்த?"

"நீ பூ வச்சுக்கிட்டு, ஆட்டோவ வாசல்ல நிறுத்திப்புட்டு நின்ன. எப்புடிக்கா வரலன்னு சொல்றது?"

அக்கா வாயைத் திறந்தார். கோர்ட்டில் கற்றுக்கொண்ட அத்தனை வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில், "போடி" என்றார். அதைக் கோர்ட்டு பதிவு செய்யவில்லை.

நீதிபதி சமாதானப் பேச்சை மறுபடி எடுத்தபோது இருவரும் தலையாட்டினார்கள். பிறகு சமரசம் எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டதை எழுதி, கையெழுத்து வாங்கி, கோர்ட்டு அதையே தீர்ப்பாக ஆக்கிக் கொடுப்பது வழக்கம். நெத்திலி காயும்வரை கோழிகளைக் கூண்டில் அடைக்க வேண்டியது. காய்ந்த கருவாட்டில் ஒரு பங்கைப் பிரதிவாதிக்குக் கொடுக்க வேண்டியது. இவ்வளவும் சுலபமாக முடிந்தது. அக்கா நீதிபதியிடம், "இன்னொண்ணு எழுதணுங்க ஐயா" என்றார்.

"என்ன?"

"மாசம் ஒரு நா பிரதிவாதி எங்கூட காரைக்காலுக்கு வந்து போவணும்னு போட்டுருங்க."

அக்காவின் வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார். நீதிபதி மட்டும் யோசித்தார். "பிராதுல கேக்காதத நானா தீர்ப்புல சொல்ல முடியாதும்மா. ஆனா ரெண்டு பேரும் மனசு ஒத்து சமரசத்துல எழுதிக்கிட்டா சேத்துக்கலாம்." பிரதிவாதியைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?"

பிரதிவாதி தலையை ஆட்டினார். "வாயால சொல்லணும்" என்றார் அக்கா.

"சம்மதங்க."

"ஐயா, இவ நாளைக்கு மீறிட்டான்னா?"

"தீர்ப்புப்படி நடக்கலன்னா நிறைவேத்தச் சொல்லி மனுப் போடலாம்" என்றார் நீதிபதி, முகத்தை மிகவும் கடுமையாக வைத்துக்கொண்டு.

"கேட்டுக்கிட்டியா? மனுப் போட்டுருவேன்" என்றார் அக்கா, பக்கத்தில் திரும்பி. பிரதிவாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

சமரசத் தீர்ப்பின் நகல் வந்த அன்று, அதன் தலைப்பை வாசித்துக் காட்டச் சொன்னார் அக்கா. டிகிரி என்றேன். கோர்ட்டுத் தீர்ப்பாணைக்கு அங்கே எல்லாரும் சொல்லும் பெயர் அதுதான். அக்கா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். "எங்க ரெண்டு குடும்பத்துலயும் டிகிரி வாங்குன மொத ஆளு நாந்தான்."

"ஏன், அதுல எம்பேரும்தான இருக்கு" என்றார் பிரதிவாதி.

அதற்குப் பிறகு வந்த வாய்தா நாட்களில் கடைசி பெஞ்ச் காலியாகவே கிடந்தது. சாட்சிகள் நிம்மதியாகப் பொய் சொன்னார்கள். எனக்கும் மெல்ல வழக்குகள் வந்தன. அடுத்த வருடம் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். புறப்படுவதற்கு முன், என் செல்போன் நம்பரை அக்காவுக்குச் சொன்னேன். அவர் அதைத் தன் மகள் கையால் ஒரு சீட்டில் எழுதவைத்துக்கொண்டார். சும்மா ஒரு மரியாதைக்கு வாங்கிக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் மதிய நேரத்தில் போன் அடித்தது. "வாதி பேசுறேன் பாப்பா. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். டிகிரிய நிறைவேத்திக்கிட்டிருக்கோம்." பின்னாலிருந்து இன்னொரு குரல், "நானுந்தாங்க. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாங்க. நல்லாருக்கீங்களா?" என்றது. பிறகு எந்தக் கடையில் என்ன பார்த்தார்கள், யார் யாரைச் சந்தித்தார்கள் என்று இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் குறுக்கே எதுவும் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு மாதமும் தவறவில்லை. இப்போது பிரதிவாதிதான் அதிகம் பேசுகிறார். அக்கா பின்னாலிருந்து திருத்துகிறார். என்னோடு படித்தவர்கள் எல்லாம் எத்தனையோ தடவை நம்பரை மாற்றிவிட்டார்கள். என் நம்பரில் சென்னையில் பாதி இடத்தில் சிக்னலே கிடைப்பதில்லை. வீட்டுக்காரர் மாற்றச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். எனக்கு எத்தனையோ கட்சிக்காரர்கள் போன் செய்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் புது நம்பரைச் சொல்லிவிடலாம். பஸ் ஸ்டாண்டில் நின்று, அந்தப் பழைய சீட்டைப் பார்த்தே கூப்பிடும் அந்த இரண்டு பேருக்கு ஒரு மாதம் கூப்பிட்டும் நான் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான், காரைக்காலில் வாங்கிய நம்பரையே இன்னும் வைத்திருக்கிறேன்.